புளியும் இரும்பும் வெயிலும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் ஏற்பட்டது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துள்ள அத்தெருவில் புளி மூட்டை காணாத நாளில்லை. அப்புளியிலுள்ள டார்டாரிக் அமிலமே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையொன்றுக்கு மூலமாயிற்று என்பது பலரும் அறியாதது.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஃபென்டன் என்பார், இவ்வமிலத்துடன் சிறிது இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்த்தால் அமிலம் விரைந்து சிதைவதை 1894-இல் விரிவாக எழுதினார். இரும்பு பெராக்ஸைடைப் பிளந்து ஹைட்ராக்ஸில் என்னும் துணுக்கைத் தோற்றுவிக்கிறது. அத்துணுக்கு எதிர்ப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் தாக்கும். இவ்விளக்கம் 1934-இல் ஹேபர், வைஸ் ஆகியோர் கூறியது.

ஆயினும் இருட்டில் இவ்வினை பாதி வழியில் நின்றுவிடும். பெரிய மூலக்கூறுகள் சிதைந்து ஆக்ஸாலிக் அமிலமாகும். அதுவோ ஃபெர்ரிக் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. இங்கேதான் வெளிச்சம் துணைக்கு வருகிறது. ஃபெர்ரிக் ஆக்ஸலேட் புறவூதாக் கதிரையும் நீல ஒளியையும் உட்கொள்ளும். அப்போது அமிலத்தின் எலெக்ட்ரான் ஒன்று இரும்புக்குத் தாவ, அமிலம் கரியமில வாயுவாகக் கலைகிறது. இரும்போ ஃபெரஸ் நிலையடைந்து மறுபடியும் பெராக்ஸைடைப் பிளக்கச் செல்கிறது. இவ்வினை மிக ஒழுங்காக நிகழ்வதால், ஹாட்சார்டு, பார்க்கர் இருவரும் 1956-இல் இதனையே ஒளியின் அளவை மதிப்பிடும் சாதனமாக்கினர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து தாளிற் பூசி, இருட்டில் உலர்த்துக. மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டிப் பின் நீரிற் கழுவினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடம் வெண்மையாகவே நிற்கும். இது ஹெர்ஷல் 1842-இல் கண்ட நீல அச்சு முறை. இக்கரைசலில் அமிலம் சேர்த்தல் ஆகாது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை வேறு. நீரின் பி.எச். எண் சுமார் 3 ஆக இருத்தல் நலம். மிகுந்தால் இரும்பு துருநிற வண்டலாகப் படிந்துவிடும். கலங்கிய நீரில் ஒளி புகாது. அசெட்டிக் அமிலம் இம்முறைக்கு எளிதில் மசிவதில்லை. வினை முடிந்தபின் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை ஆற்றி, வண்டலை அகற்றல் வேண்டும். பெராக்ஸைடின் விலையும் உண்டு.

சந்தையின் அழுகிய காய்கனிகளிலிருந்து வடியும் நீர் அப்படியே ஓடையிற் கலந்தால், அதிலுள்ள அமிலங்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் மடியும். ஆனால் அதற்கும் இம்முறையை நாடுவது வீண் செலவே. மூடிய கலத்தில் விட்டால் நுண்ணுயிர்களே அவ்வேலையை மலிவாகச் செய்து எரிவாயுவும் தரும். அவ்வுயிர்களையே கொல்லும் பூச்சிமருந்தோ சாயமோ கலந்த நீருக்கே இரும்பும் ஒளியும் உரியவை. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில், அத்தகைய நீரை முதலில் வெயிலில் இரும்பால் உடைத்துப் பின்னர் நுண்ணுயிர்களிடம் விடும் முறை ஆராயப்பட்டுள்ளது. திருவனந்தபுரத்திலும் வெயிலுக்குக் குறைவில்லை. இரு பருவமழைகளிலும் வானம் மூடியிருக்கும் நாட்களுக்கு மட்டும் நீரைத் தேக்கிவைக்கத் தொட்டி வேண்டும்.