முகம் காணாத வியாபாரி

சின்ன வெங்காயம் கேட்பாரற்றுக் கிடக்கும் பருவத்தில் விவசாயியை ஏமாற்ற எவரும் மெனக்கெடுவதில்லை. விலை ஏறும்போதுதான் ஏமாற்றுக்காரர்களும் வருகிறார்கள். உள்ளூர் வியாபாரி, பக்கத்து ஊர்த் தரகர், கமிஷன் மண்டிக்காரர் ஆகியோர் நாம் அறிந்தவர்கள். அவர்கள் விலையில் இரண்டு ரூபாய் குறைப்பார்கள், எடையில் கழிவு பிடிப்பார்கள்; ஆனால் ஊரும் வீடும் தெரிந்தவர்கள். இப்போது ஒருவகை வியாபாரி செல்போன் மூலமாகவே வருகிறார். அவருடைய முகம் தெரியாது, கடை தெரியாது. விலை மட்டும் உள்ளூரைவிடக் கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் கூடுதலாகச் சொல்கிறார்.

விரிவாக்கப் பணிக்காகக் கிராமம் கிராமமாகச் செல்லும் என்னிடம் முன்பெல்லாம் நுனிக்கருகல், இலைப்பேன் பற்றியே கேட்பார்கள். சில ஆண்டுகளாகக் கூட்டம் முடிந்ததும் ஓரிருவர் தனியாக வந்து, "ஐயா, போனில் பணம் போய்விட்டது, வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. படித்த உத்தியோகஸ்தர்களும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும்கூட இவ்விதம் பணத்தை இழந்திருக்கிறார்கள். ஆனால் வெட்கத்தினால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டால், கிடைக்கக்கூடிய பணமும் கிடைக்காமற் போகிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

மூன்றாவது லோடு

பெரம்பலூர் மாவட்டத்தில் எனக்கு நன்கு அறிமுகமான விவசாயி ஒருவர், ஒன்றரை ஏக்கரில் விளைந்த சின்ன வெங்காயத்தைக் காய வைத்துப் பட்டறை போட்டிருந்தார். அவருடைய மகன் வெங்காயத்தைப் படமெடுத்து, போன் நம்பருடன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாளே வெளிமாநில வியாபாரி என்று ஒருவர் கூப்பிட்டார். முதலில் பத்து மூட்டை கேட்டார். வண்டி வருமுன்பே முழுப் பணமும் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் ஒரு டன். பாதிப் பணம் முன்னதாகவும் மீதி மறுநாள் மதியமும் வந்து சேர்ந்தன. ஊரில் அந்த வியாபாரிக்கு நல்ல பெயர் ஏற்பட்டுவிட்டது.

மூன்றாவதாக ஐந்து டன் கேட்டார். நம் விவசாயியிடம் இருந்தது மூன்று டன்தான். மீதியை மேற்குக் காட்டுக்காரரிடம், தாமே ஜாமீன் போலச் சொல்லி வாங்கிச் சேர்த்தார். கிலோ 40 ரூபாய் வீதம் இரண்டு லட்சம். அச்சாரமாக 20,000 ரூபாய் வந்தது. லாரி வந்ததே பொழுது சாய்ந்த பிறகு. மூட்டைகளை ஏற்றி முடித்தபோது இரவு எட்டரை மணி. மீதி 1,80,000 ரூபாய் அனுப்பியாயிற்று என்று செல்போனில் ஒரு படம் வந்தது. பணம் வரவாகிவிட்டது என்ற குறுஞ்செய்தியும் வந்தது. கணக்கில் காணவில்லையே என்று கேட்டதற்கு, வங்கி சர்வர் வேலை செய்யவில்லை, விடிவதற்குள் ஏறிவிடும், டிரைவர் காத்திருக்க முடியாது என்று பதில். லாரி கிளம்பிவிட்டது. காலையில் பணமும் இல்லை, அந்த நம்பரும் இல்லை.

முதல் இரண்டு லோடுகளும் தூண்டிலில் கோத்த புழு. இந்தத் தந்திரம் ஒன்றும் புதிதல்ல; சிறு தொகையை நாணயமாகக் கொடுத்துப் பெருந்தொகைக்குக் கடன் சொல்லி ஓடியவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். விலைதான் மறைவு, ஆள் எதிரே நிற்கிறார். இங்கே விலை வெளிச்சமாக இருக்கிறது, ஆள் மறைவாக இருக்கிறார்.

இந்த விவசாயிக்கு ஓரளவு கைகொடுத்தது, மேற்குக் காட்டுக்காரரின் மகன் விளையாட்டாக எடுத்து வைத்திருந்த லாரிப் படம். அதில் வண்டி எண் தெளிவாக இருந்தது. லாரி உரிமையாளரைக் கண்டுபிடித்து, புக்கிங் ஆபீசில் விசாரித்து, சரக்கு எந்த ஊர் மண்டியில் இறங்கியது, யாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதுவரை எழுத்தில் வாங்கிப் புகார் செய்தார்கள். டிரைவருக்கும் மண்டிக்காரருக்கும் இதில் ஒன்றும் தெரியாது. அலைந்து திரிந்து ஒன்பது மாதத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத் தொகை திரும்பி வந்தது. அதை மேற்குக் காட்டுக்காரருக்கே முதலில் கொடுத்துத் தீர்த்தார். அவருடைய சொந்த மூன்று டன்னுக்குக் கிடைத்தது சொற்பம்.

ஆகவே வெளியூர் வியாபாரிக்குச் சரக்கு ஏற்றும்போது வண்டி எண், டிரைவருடைய லைசென்சு, எடைமேடைச் சீட்டு, எடை, விலை, இறங்கும் இடம் ஆகியவற்றைப் படமெடுத்தோ எழுதியோ வைத்துக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. எண் உண்டு என்று அவர் சொன்னால், அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் கொடுத்தால் நிறுவனத்தின் பெயர் தெரிந்துவிடும். பச்சைக் காய்கறிக்கு வரி இல்லை என்பதால் எண் இல்லாத யோக்கியமான வியாபாரிகளும் உண்டு. எண் இல்லை என்பதற்காகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பொய் எண் கொடுத்தால் சந்தேகிக்க வேண்டும். பொழுது போன பிறகு லோடு ஏற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வங்கி மூடியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இவர்கள் வண்டி அனுப்புகிறார்கள்.

வந்தது பணமா, படமா?

பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை எவரும் எளிதில் தயாரித்துவிடலாம். வங்கி அனுப்புவது போலவே குறுஞ்செய்தியும் எழுதி அனுப்பலாம். சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வந்திருந்தால் அது வங்கியின் செய்தி அல்ல. நம் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று நாமே பார்ப்பது ஒன்றே நம்பத் தகுந்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள், தங்கள் வங்கிக்கு மிஸ்டு கால் கொடுத்து இருப்பை அறியும் வசதி உண்டா என்று கிளையில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கறவை மாடு, பழைய மோட்டார், டிராக்டர் விற்பவர்களுக்கு வேறு விதமான தொல்லை. "நான் ராணுவத்தில் அதிகாரி, நேரில் வர இயலாது, பணத்தை உடனே அனுப்புகிறேன்" என்று ஒருவர் பேசுவார். ராணுவம் என்றதும் நம்மவர்களுக்கு மரியாதை வந்துவிடுகிறது. கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும் என்பார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. யு.பி.ஐ.யில் அந்த எண்ணைப் போட்டுப் பணம் வருவது என்பது கிடையாது, போகத்தான் போகும். பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை மூலமும் முன்பு பலர் ஏமாற்றப்பட்டனர். தனிநபர்களிடையே அந்த முறை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கியூ.ஆர். வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

மானியத் தவணையின் பெயரால்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வருவது அனைவரும் அறிந்ததே. "உங்கள் தவணை நிறுத்தப்பட்டுள்ளது, உடனே கீழ்க்காணும் செயலியை இறக்கவும்" என்ற செய்தி சில மாதங்களுக்கு முன் எனக்கே வந்தது. எனக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது, அத்திட்டத்தில் நான் பயனாளியும் அல்ல. யார் எவர் என்று தெரியாமலே வலையை வீசுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏ.பி.கே. என்று முடியும் அந்தக் கோப்பைத் திறந்து, அது கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளையெல்லாம் அவர்கள் படிக்க முடியும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாம் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. அரசுச் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தவணை பற்றிய சந்தேகங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ 155261 என்ற உதவி எண்ணையோ கேட்கலாம்.

இத்திட்டத்தில் 2020-ல் நம் மாநிலத்தில் நடந்த முறைகேட்டை விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தகுதியற்ற பல லட்சம் பேர் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கொரோனா நிவாரணம் என்று எண்ணி ஆதாரையும் பாஸ்புத்தகத்தையும் இடைத்தரகரிடம் கொடுத்த ஏழைகள், பிறகு அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

கைரேகை விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார் கைரேகையை வைத்தே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி கிராமங்களுக்கு மிகவும் உபகாரமானது. ஆனால் கிரயப் பத்திரத்தில் உள்ள ரேகையை நகலெடுத்து அச்சுச் செய்யவும் ஆட்கள் இருக்கிறார்கள். தெலங்கானாவில் 2018-ல் பிடிபட்ட ஒருவர், பதிவுத் துறை இணையதளத்திலிருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. பூட்டிவிட்டால் ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது, அவ்வப்போது திறந்து கொள்ள வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு பூட்டுவது நல்லது.

போனது தெரிந்தவுடன்

மோசடியால் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். ஏமாற்றியவர் அந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்கும் மாற்றிக்கொண்டே போவார். ரொக்கமாக எடுப்பதற்குள் தகவல் போனால் இடையில் எங்காவது நிறுத்தி வைக்கிறார்கள். வாய்க்கால் உடைந்த உடனே மடையை அடைப்பதற்கும், வயல் நிரம்பிய பின் அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். கூடவே வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணை எழுதி வாங்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, நம்மீதும் வங்கிமீதும் தவறில்லாமல் வேறு எவராலோ பணம் எடுக்கப்பட்டு, அதை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் நம்மைச் சேராது. ரகசிய எண்ணை நாமே கொடுத்துவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் நஷ்டம். தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. தவறே செய்யாத விவசாயியின் கணக்கும் முடக்கப்படுவதுண்டு. தேனி பக்கம் ஒருவர் வாழைத்தார் விற்றார். வாங்கியவர், எங்கோ ஒருவரை ஏமாற்றிச் சேர்த்த பணத்தை இவருக்கு அனுப்பியிருந்தார். ஏமாந்தவர் வடக்கே ஏதோ ஒரு ஊரில் புகார் செய்ய, பணம் போன பாதையிலிருந்த கணக்குகளையெல்லாம் நிறுத்தினார்கள். உர மூட்டை வாங்கப் போனபோதுதான் நம்மவருக்கு விஷயம் தெரிந்தது. அவரிடம் எடைச் சீட்டும், வண்டி எண்ணும், பேச்சு நடந்த வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. எந்த ஊர்க் காவல் நிலையம், புகார் எண் என்ன என்பதை வங்கியில் கேட்டு வாங்கி, விற்பனைக்கான ஆதாரங்களைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினார். கணக்கு திரும்ப இயங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சீட்டு இல்லாதிருந்தால் என்ன சொல்லி நிரூபித்திருப்பார்? இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: கமிஷன் தருகிறேன் என்று எவராவது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கேட்டால் கொடுக்க விடாதீர்கள். அந்தக் கணக்கின் வழியாகத் திருட்டுப் பணம் போனால் போலீசார் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான்.

செக் கொடுத்து ஏமாற்றும் பழைய வழக்கமும் ஒழிந்துவிடவில்லை. செக்கை அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு அனுப்ப வேண்டும். நோட்டீசு கிடைத்து 15 நாட்களுக்குள் அவர் பணம் கொடுக்கவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் செய்யலாம். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று அவர் தவணை சொல்லிக்கொண்டே போவது இந்த நாட்களைக் கடத்துவதற்காகவும் இருக்கலாம். செக் திரும்பிய தேதியைச் சாகுபடிக் கணக்கு நோட்டில் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத சிறு விவசாயிகள், தாலுகா கோர்ட்டில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால் இலவச சட்ட உதவி பெறுவதற்கான வழியைச் சொல்வார்கள்.