எல்எல்சி: கடை இருக்கும் மாநிலத்திலேயே பதியுங்கள்

அமெரிக்காவில் சிறு தொழில் தொடங்குபவருக்கு நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை, “எல்எல்சியை டெலவேரில் பதிந்துவிடு, வரி மிச்சம்” என்பதுதான். வயோமிங், நெவாடா என்பவர்களும் உண்டு. பெரும்பாலான சிறு தொழில்களுக்கு இது தண்டச் செலவு.

தொழிலில் கடன் ஏறினாலோ வழக்கு வந்தாலோ, பொதுவாக உரிமையாளரின் வீட்டையும் சேமிப்பையும் அது தொடாதபடி காக்கும் நிறுவன வகைதான் எல்எல்சி. 1977-ல் வயோமிங் இதற்கு முதல் சட்டம் இயற்றியது. இன்று 50 மாநிலங்களிலும் உண்டு. பதிவு மாநில அரசின் கையில் இருப்பதால்தான் எங்கே பதிவது என்ற குழப்பமே வருகிறது.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஒருவர் கேட்டரிங் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெலவேரில் பதிய 110 டாலர். ஆண்டுதோறும் ஜூன் 1-க்குள் 300 டாலர் வரி. சட்ட அறிவிப்புகளை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ‘ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்’ வேண்டும். அவருக்கும் வருடக் கட்டணம். இவ்வளவு கட்டியும் கலிபோர்னியா விடாது. அடுப்பு எரிவது அங்கேதானே! வெளிமாநில நிறுவனமாக அங்கும் பதிந்து, ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி கட்டியாக வேண்டும். நேரே கலிபோர்னியாவில் பதிந்திருந்தாலும் அதே 800 டாலர்தான். டெலவேர் செலவு முழுக்க மிச்சமாகியிருக்கும். டெக்சாஸில் வெளிமாநிலப் பதிவுக்கே செலவு அதிகம்: உள்ளூர் எல்எல்சி பதிய 300 டாலர், வெளிமாநில எல்எல்சிக்கு 750.

தொழில் நடக்கும் மாநிலத்தில் பதியாமலே இருந்தால் அபராதம் வரும். பாக்கி வைத்த வாடிக்கையாளர் மீது அந்த மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் முடியாது. வருமான வரியும் வேலை நடக்கும் இடத்தை வைத்துத்தான்.

டெலவேரின் பெயர் சும்மா வந்ததல்ல. 1792-ல் அமைந்த அதன் சான்சரி நீதிமன்றத்தில், ஜூரி இல்லாமல், நிறுவனச் சட்டத்தில் ஊறிய நீதிபதிகளே தீர்ப்பளிக்கிறார்கள். முதலீட்டாளர்களுக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஆனால் அவர்கள் பெரும்பாலும் கேட்பது கார்ப்பரேஷன், எல்எல்சி அல்ல.

சென்னையில் இருந்தபடியே அமெரிக்க எல்எல்சி தொடங்குபவருக்கு அங்கே சொந்த மாநிலம் கிடையாது. பதிவுக்கு 100 டாலர், ஆண்டுக்குக் குறைந்தது 60 டாலர் என்றிருக்கும் வயோமிங் அவருக்குப் பொருந்தலாம். ஆனால் வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக இருந்தால், வரி ஏதும் வராத ஆண்டிலும் படிவம் 5472 தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். தவறினால் அபராதம் 25,000 டாலர்.

கட்டணங்கள் அவ்வப்போது மாறும். யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன், தொழில் நடக்கப்போகும் மாநில அரசின் இணையதளத்தில் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.