படகு விசிறியில் சிறு சேதம்: அரமும் மரச்சுத்தியும் போதும்

பழவேற்காடு போன்ற ஆழமில்லாத ஏரிகளிலும் மணல் மேடிட்ட முகத்துவாரங்களிலும் ஃபைபர் படகு ஓட்டுவோருக்கு அடிக்கடி நேரும் தொல்லை, எஞ்சினின் புரொப்பல்லர் தரையில் உரசுவதுதான். கிளிஞ்சல், கல், வலை கட்டிய கழி எது பட்டாலும் விசிறி இலையின் ஓரம் பல் விழும், அல்லது மடங்கும். விவசாயத்தோடு மீன்பிடியும் செய்யும் குடும்பங்களில் பலர், சிறு சேதம்தானே என்று அப்படியே ஓட்டிவிடுகிறார்கள். ஓர் இலை கோணினாலே படகு அதிரும், எரிபொருள் கூடுதலாகும். அதிர்வினால் தண்டின் ஆயில் சீல் தேய்ந்தால் கியர் பெட்டிக்குள் உப்பு நீர் புகும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

வேலை தொடங்குமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். விசிறியைக் கையால் சுற்றும்போது எஞ்சின் பற்றிக்கொண்டால் விரல் போய்விடும். இலைக்கும் மேலுள்ள தகட்டுக்கும் இடையே மரக்கட்டையைச் செருகி, காட்டர் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றலாம். வாஷர்கள் இருந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விசிறிக்குப் பின்னால் தண்டில் நைலான் நரம்பு சுற்றியிருந்தால் முழுதும் அகற்ற வேண்டும். சீலை அறுப்பதில் கல்லைவிட இந்த நரம்பு பொல்லாதது.

அடுத்து விரிசல் சோதனை. இலையின் அடிப்பகுதியில் மண்ணெண்ணெய் தடவி, நன்கு துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்த விசிறியை மாட்டவே கூடாது.

நெல்மணி அளவுள்ள பற்களை மெல்லிய அரத்தால் ராவிவிடலாம். பள்ளத்தை மட்டும் குடையாமல் இரு பக்கமும் சரிவாக இழுத்து, ஓரம் ஒரே வளைவாக வரும்படி ராவுவது முறை. முன் ஓரத்தைக் கத்தி போல் கூராக்குவோர் உண்டு, அது தவறு. முன்பிருந்த உருட்சி இருக்க வேண்டும். ராவியபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

ஓரம் மடங்கியிருந்தால், இலையை மரக்கட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் மெதுவாகப் பல முறை தட்டி நிமிர்த்தலாம். நல்ல இலையின் வளைவை அட்டையில் வெட்டிவைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். உலையில் காய்ச்சி நிமிர்த்தும் வழக்கம் அலுமினியத்துக்கு ஆகாது. இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காமல் திடீரென்று உருகி விழுந்துவிடும். ஒரு முறை நிமிர்த்திய இடமே மறுபடி மடங்கினால் பெரும்பாலும் விரிசல் விடும். இலையில் துண்டே போயிருந்தால் அலுமினிய வெல்டிங்கும் எடைச் சமனும் தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது தண்டின் பற்களில் கிரீஸ் தடவி, புதிய காட்டர் பின் போட வேண்டும். ஆணியும் கம்பியும் உதவா. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு குச்சியின் நுனியை இலை ஓரத்தருகே அசையாமல் நிறுத்தி, விசிறியைச் சுற்றிப் பார்க்கலாம். எல்லா இலைகளும் நுனியிலிருந்து ஒரே இடைவெளியில் கடக்க வேண்டும்.

அப்படியே கியர் எண்ணெயையும் சிறிது இறக்கிப் பார்த்துவிடலாம். மோர்போல் வெளுத்திருந்தால் நீர் ஏற்கெனவே புகுந்துவிட்டது. சீலை மாற்றாமல் படகை இறக்கக் கூடாது.