டாக்டருக்குப் படிக்கிற பெண்ணும் புத்தக அலமாரியும்

ஆரப்பாளையத்தில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும், அன்றைக்கே அவள் தெருவுக்கெல்லாம் டாக்டர்! எதிர் வீட்டு மாமி முழங்கால் வலியைச் சொல்ல வந்துவிடுவார். அடுத்த வீட்டு அத்தை சர்க்கரைக்கு எந்த மாத்திரை உசத்தி என்று கேட்பார். பாவம், அந்தப் பெண்ணுக்கு மனித உடம்பில் 206 எலும்புகள் என்பதற்கு மேல் இன்னும் அதிகம் தெரியாது!

வைகையைத் தாண்டினால் வடகரையில் மதுரை மருத்துவக் கல்லூரி. 1954-ல் அது தோன்றுவதற்கு முன், தெற்கத்திப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கச் சென்னைக்கோ வேலூருக்கோ ரயில் ஏற வேண்டியிருந்தது. 2020 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு. தமிழிலேயே படித்த பெண்களும் இன்று வெள்ளைக் கோட்டு அணிகிறார்கள்.

சந்தோஷந்தான். ஆனால் புத்தகங்கள் இங்கிலீஷில் அல்லவா இருக்கின்றன? உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று முதல் வருஷத்திலேயே மூன்று மலைகள்! பள்ளியில் முதலாவதாக வந்தவளுக்கு இங்கே ஒரு பக்கம் தாண்ட ஒரு மணி நேரம் ஆகிறது. வெளியே சொல்ல வெட்கம். ‘நமக்கு இந்தப் படிப்பு எட்டாது’ என்று மனம் உடைவது இந்த இடத்தில்தான். கை கொடுக்கக்கூடிய இடம் ஒன்று கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் நூலகம்.

நூலகம் என்றால் எல்லோருக்கும் முதலில் பயந்தான். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, அந்த வேலை அலுத்துப் போய்ப் பழையபடி கணக்கு வாத்தியாராகவே போய்விட நினைத்தாராம்! பிறகு லண்டன் சென்று கற்று வந்து, நூலகக் கலைக்கே ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஆகவே, புத்தகம் எங்கே இருக்கிறது என்று நூலகரைக் கேட்பது தொந்தரவு அல்ல. உங்கள் பெண்ணின் உரிமை.

புதிய மாணவி என்ன செய்யலாம்? முதல் வாரமே ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புத்தகம் வாங்க வேண்டாம். ஒரே பாடத்தை மூன்று நூல்களில், நூலக மேஜையிலேயே படித்துப் பார்க்கட்டும். எது புரிகிறதோ அதை வாங்கலாம். எத்தனையாவது பதிப்பு என்று கவனிப்பது அவசியம்; மருத்துவத்தில் பழைய பதிப்பு சில சமயம் தப்பான பதிலைச் சொல்லும். 1858-ல் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் இன்றும் புதுப்புதுப் பதிப்புகளாக வருவது அதனால்தான். ஆனால் அந்தப் பெரிய புத்தகத்தை ஆரம்பத்திலேயே தூக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்த்தால் போதும்.

இன்னொரு யுக்தி: சொற்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம். ‘கார்டி’ என்றால் இதயம். ‘ஹெபட்’ என்றால் ஈரல். ‘நெஃப்ர்’ என்றால் சிறுநீரகம். கடைசியில் ‘ஐடிஸ்’ வந்தால் அழற்சி. இந்த நாலு சாவிகளுக்கே எத்தனை பூட்டுகள் திறக்கின்றன! முதலில் படம், அப்புறம் பாடம் என்று போனால் பாஷை பாதி வழி விட்டுவிடும்.

தமிழுக்கும் மருத்துவத்துக்கும் எட்டாப் பொருத்தம் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மாணவர்களுக்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற அவருடைய உடற்கூற்று நூல் 1872-ல் வெளிவந்தது. பாடத்தைத் தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒற்றை அறை வீட்டில், டெலிவிஷன் சத்தத்துக்கும் தம்பி தங்கைகளின் சண்டைக்கும் நடுவே இந்தப் படிப்பு ஏறாது. அவளுக்கென்று ஒரு மேஜையும் விளக்கும் நிசப்தமும் காசில்லாமல் கிடைக்கிற இடம் நூலகந்தான். பெண் இருட்டிய பிறகு வீடு திரும்பினால், “இவ்வளவு நேரம் அங்கே என்ன வேலை?” என்று கேட்காதீர்கள். “இன்றைக்கு என்ன படித்தாய்?” என்று கேளுங்கள். அவள் உங்களுக்குப் புரியும்படி அதைத் தமிழில் சொல்லிவிட்டால், பாடம் அவளுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு நோயாளிக்கும் அவள் அப்படித்தானே சொல்ல வேண்டும்?