மலையேறும் பத்மினி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஜர் லா வகுத்து, அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் கொடைக்கானல் மலைச்சாலையில், வத்தலக்குண்டுவரை யாதொரு குறையுமின்றி ஓடிவந்த பழைய பிரிமியர் பத்மினி கார் ஒன்று, காமக்காபட்டியைக் கடந்ததும் வளைவுக்கு வளைவு தன் ஊக்கத்தை இழந்து, டம்டம் பாறைக்கு வருமுன் மூன்றாம் கியரைக் கைவிட்டு, பெருமாள்மலையை நெருங்கும்போது இரண்டாம் கியரிலும் திணறுவதைக் கண்டவர்கள், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். வயதும் ஒரு காரணந்தான். ஆனால் அன்றுதான் ஆலையிலிருந்து வெளிவந்த பத்மினியாயினும், இந்தச் சாலையின் உச்சியை அடையும்போது தன் சக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழந்தே தீரும்.

எஞ்சின் பெட்ரோலால் ஓடுகிறது என்பது பாதி உண்மை. ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிவதற்கு, எடைக் கணக்கில், பதினைந்து பங்குக்குச் சற்றுக் குறைந்த காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்றைப் பிஸ்டன் தானே இழுத்துக்கொண்டாக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் வாயுமண்டலத்தின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் 78 சதவீதமே. இன்னும் சற்று உயரத்தில், 2,343 மீட்டரில், 1899ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் வானியலாருக்கு அநுகூலமாய் அமைந்த இம்மெல்லிய காற்று மோட்டாருக்குப் பிரதிகூலம். மலையின் குளிர், காற்றைச் சற்றே செறிவாக்கி நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. இல்லாவிடில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டிவிடும்.

இழந்ததை மீட்க விரும்பி எஞ்சினை இறக்கி வேலை பார்ப்பவர்கள் முதலில் நாடுவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் ரீபோரையே. பத்மினியின் எஞ்சின், இத்தாலியில் பியட் 1100 வண்டிக்கென்று வகுக்கப்பட்டு, பம்பாய் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் நெடுங்காலம் செய்யப்பட்டு, 1974இல் வண்டிக்குச் சித்தூர் ராணி பத்மினியின் பெயர் வந்தபிறகும் அடிப்படையில் மாறாத நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 75 மில்லிமீட்டர். நான்கும் சேர்ந்து 1,089 கன சென்டிமீட்டர். தேய்ந்த சிலிண்டர்களை முழுதாக ஒரு மில்லிமீட்டர் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலும் 1,122தான் வரும். லாபம் மூன்றே சதவீதம். ரீபோர் செய்த வண்டி சுறுசுறுப்பாக இழுப்பதற்குக் காரணம் இந்த மூன்று சதவீதமன்று. தேய்ந்த ரிங்குகளின் வழியே கீழே ஒழுகிக்கொண்டிருந்த அழுத்தம் மறுபடியும் பிஸ்டனின் தலைமேல் நிற்பதுதான்.

மெய்யான ஆதாயம் எங்கே இருக்கிறது என்பதைப் பியட் நிறுவனமே 1953இல் காட்டிவிட்டது. 36 குதிரைசக்தி தந்துகொண்டிருந்த அதே 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினை, விட்டத்தைத் தொடாமல், அமுக்க விகிதத்தை உயர்த்தியும் பெரிய கார்புரேட்டரைப் பொருத்தியும், ‘1100 டிவி’ என்னும் வேகவண்டியில் ஏறத்தாழ 50 குதிரைசக்தி தரும்படி செய்தார்கள்.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே அமுக்க விகிதம். சிலிண்டர் ஹெட்டின் அடிமுகத்தை மெஷினில் வைத்துச் சீவினால் எரியறை சிறுத்து விகிதம் உயரும். 7.5க்கு 1 என்றிருந்ததை 9க்கு 1 ஆக்கினால், ஏட்டுக் கணக்குப்படி, அதே பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலை ஐந்தாறு சதவீதம் கூடும். சமவெளியில் இதற்குத் தடையாக நிற்பது நாக்கிங்: தீப்பொறி மூட்டிய சுவாலை வந்துசேருமுன் மூலையிலுள்ள கலவை தானே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும் விபரீதம். இங்கேதான் மலை ஒரு சலுகை காட்டுகிறது. உள்ளே நுழையும் காற்றின் அழுத்தமே 78 சதவீதமாகையால், அதை 9க்கு 1 என்று அமுக்கிய பிறகும் எழும் அழுத்தம், கடற்கரையில் 7.5க்கு 1 என்று அமுக்கினால் எழுவதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கிறது. தன் வண்டி மலையைவிட்டு இறங்குவதேயில்லை என்பவர் தைரியமாகச் சீவிக்கொள்ளலாம். ஆனால் சித்திரை வெயிலில் மதுரைக்குப் போய்த் திரும்ப வேண்டியவருக்கு, வத்தலக்குண்டைத் தாண்டியதுமே அந்தத் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். தீப்பொறி சற்றுத் தாமதமாக எழும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு மூன்று டிகிரி பின்னோக்கித் திருப்பி வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். இரண்டிடத்திலும் ஓடும் வண்டிக்கு எட்டரைக்கு மேலே போவது அவிவேகம் என்பது என் அபிப்பிராயம்.

கார்புரேட்டரின் கதை வேறு. பத்மினியிலுள்ள சோலெக்ஸ் கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று மெலிந்தபோதும் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் விடுவதால், கொடைக்கானலில் கலவையில் எட்டிலிருந்து பத்து சதவீதம் பெட்ரோல் மிகுந்து, பிளக்குகள் கறுத்து, சைலன்சரில் புகை கிளம்பும். பெட்ரோலை அளந்துவிடும் துளையாகிய மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறிதாக மாற்றுவது பழைய பரிகாரம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலோ, எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால், எட்டு சதவீதத்தை ஒட்டிக் கலவையை மெலியச் செய்கிறது. சமவெளியில் பழைய வண்டிக்காரர்கள் வைது தீர்க்கும் அதே எரிபொருள், மலைமேல் ஜெட் மாற்றும் வேலையைத் தானே செய்துவிடுகிறது! ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாப்ரத்தையும் அது கெடுத்துவிடும் என்பதால் அவற்றை முதலில் மாற்றிவிட வேண்டும்.

பந்தயக் கேம் ஷாப்டின்மேல் ஆசைகொள்ளும் இளைஞர்களும் உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பியட்களும் ஹெரால்டு கார்களும் சீறிப்பாயப் பந்தயம் நடத்திய சோழவரத்துப் பழைய விமானத் தளம் நேரான சமதரை. வால்வுகளை நெடுநேரம் திறந்துவைத்து, மேல் வேகத்தில் சக்தியைச் சேர்க்கும் கேம் அங்கே பொருந்தும். மலைச்சாலையிலோ, மணிக்கு 30 கிலோமீட்டரில் இரண்டாம் கியரில் போகும் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குள்ளேயே உழைக்கிறது. அந்தக் கேம் பறிப்பது இந்தக் குறைந்த சுற்றுகளிலுள்ள இழுவையைத்தான்.

உஷ்ணத்தை மறந்துவிடலாகாது. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நீர் பொங்கி வெளியேற, பத்மினியின் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். வளைந்த ஹெட்டைப் பட்டறையில் சீவி நேராக்கும் ஒவ்வொரு முறையும், உடையவர் கேளாமலே அமுக்க விகிதம் சிறிது ஏறிவிடுகிறது. எத்தனை கை மாறியதோ, எத்தனை முறை சீவப்பட்டதோ தெரியாத ஹெட்டை மேலும் சீவுமுன், எரியறையில் ஊசிக்குழலால் எண்ணெய் ஊற்றி அளந்துகொள்வது உத்தமம். கேஸ்கட்டின் கனத்தையும் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு 36 கன சென்டிமீட்டர் இருந்தால் விகிதம் எட்டரை; 34 இருந்தால் ஒன்பது.