மூலமும் படியும்

ஒருவர் எழுதியதைப் பல இதழ்கள் எடுத்து வெளியிடும் வழக்கம் புதிதன்று. 1846-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்துச் செய்தித்தாள்கள் சில ஒன்றுகூடி அசோசியேட்டட் பிரஸ் என்னும் கழகத்தை நிறுவிய காலந்தொட்டே, ஓரிடத்து எழுதப்பெற்ற செய்தி ஊர்தோறும் அச்சேறி வருகின்றது. அச்சுத்தாளில் இதனால் எவர்க்கும் இடரில்லை. ஓரூரார் தம் ஊர்த் தாளைப் படிப்பர். மற்றோரூரார் தம்முடையதைப் படிப்பர். இரண்டனையும் அருகருகே வைத்து நோக்குவார் அரியர். இணையத்திலோ எல்லாத் தாள்களும் ஒரே மேசைமீது கிடக்கின்றன. அம்மேசையருகே நின்று, வினவுவார்க்கு ஏற்றதொரு தாளை எடுத்து நீட்டுவது கூகிள் போன்ற தேடுபொறி. ஒரே கட்டுரை பத்துத் தாள்களிற் காணப்படின் அஃது எதனை நீட்டும்? ஈண்டு ஆராயப் புகுந்தது இவ்வினாவையே.

இவ்வினா எமக்கு எழுந்தவாறு கூறுவாம். எம் விடுதித் தோழரொருவர் தம் ஊர் ஏரியின் வரலாற்றை எழுதித் தமது சிறு வலைத்தளத்தில் வெளியிட்டார். பெரியதொரு தளத்தார் அதனைக் கண்டு, அவரது இசைவு பெற்றே, தம் தளத்திலும் முழுவதும் வெளியிட்டனர். தோழர் பெரிதும் மகிழ்ந்தார். சின்னாள் கழித்து அவர்தம் பாட்டனார் கட்டுரையைப் படிக்கக் கேட்டு, "மதகு நாலல்லடா அப்பா, ஐந்து; கிழக்குக் கோடியில் இருந்தது தூர்ந்து போயிற்று" என்றார். தோழர் தம் தளத்தில் உடனே திருத்திவிட்டார். ஆயினும் தேடுபொறியில் அவ்வேரியின் பெயரை இட்டால் முன்வந்தது பெரிய தளத்துப் படியே; அதில் மதகு நான்கே. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவார்க்குப் பழகிய துன்பந்தான் இது. ஆனால் ஏடெழுதியவனுக்குத் தன் பிழையைத் திருத்திய ஆசிரியன் அடுத்த தெருவிலேயே இருந்ததில்லை!

இரு பக்கங்கள் ஒன்றே என்பதைப் பொறி அறிவது எங்ஙனம்? கோடிக்கணக்கான பக்கங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் இயலாது. 1997-ஆம் ஆண்டில் ஆந்திரே புரோடர் என்பாரும் அவர்தம் துணைவரும் ஓர் எளிய வழி கண்டனர். "மழை பெய்தது ஏரி நிரம்பியது மதகு திறந்தனர்" என்னும் தொடரை நான்கு நான்கு சொல்லாகப் பிரிப்போம். முதல் நான்கு ஒரு துண்டு. 'பெய்தது' முதலாக நான்கு மற்றொரு துண்டு. 'ஏரி' முதலாக நான்கு பிறிதொன்று. கூரையில் ஓடுகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடத்தல்போல் இவையும் கிடத்தலின், ஆங்கிலத்தில் கூரைச்சில்லைக் குறிக்கும் ஷிங்கிள் என்னும் பெயரையே இவற்றிற்கு இட்டனர். இரு பக்கங்களின் துண்டுகளிற் பெரும்பாலன ஒத்திருப்பின் அவை ஒன்றின் படிகள் எனக் கொள்ளலாம். தலைப்பை மாற்றுவதாலும் ஈற்றில் இரண்டு வரி சேர்ப்பதாலும் இச்சோதனையினின்று தப்ப முடியாது. இம்முறையால் அவர்கள் 3 கோடி ஆவணங்களைச் சோதித்தனர். 2007-இல் கூகிளைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், பக்கம் ஒவ்வொன்றையும் 64 இலக்கமுள்ள குறியாகச் சுருக்கி, 3 இலக்கத்திற்கு மேல் வேறுபடாதவற்றை ஒன்றெனக் கொள்ளும் முறை 800 கோடிப் பக்கங்களுக்கும் போதுமானதெனக் காட்டினர்.

நிற்க. ஒன்றெனக் கண்டபின் பொறி செய்வது யாது? இரட்டிப்புக்குத் தண்டனை உண்டென்று பலரும் அஞ்சுகின்றனர். ஏமாற்றும் நோக்கமில்லாதவிடத்து அத்தகைய தண்டனை இல்லையென்று கூகிளே பன்முறை கூறியுள்ளது. ஒத்த பக்கங்களை ஒரு குழுவாக்கி, அவற்றுள் ஒன்றைத் தெரிந்து காட்டி, ஏனையவற்றை மறைக்கின்றது, அவ்வளவே. அச்சத்திற்கு உரியது தண்டனையன்று, இத்தெரிவேயாம். என்னை? 'இதனை எழுதியவர் யார்?' என்று பொறி கேட்பதில்லை. 'காட்டத் தக்கது எது?' என்றே கேட்கின்றது. பிற தளங்கள் எதனை மிகுதியாகச் சுட்டுகின்றன என்பது போன்ற அடையாளங்களைக் கொண்டே அது முடிவு செய்கின்றது. இவை யாவும் பெரிய தளத்திற்கே மிகுதி. முதலில் எதனைக் கண்டது என்பதும் சான்றாகாது. பெரிய தளத்தைப் பொறி அடிக்கடி சென்று பார்ப்பதால், மூலத்திற்கு முன்னரே படியைக் கண்டுவிடுதலும் உண்டு. பிறர் எழுத்தைத் திருடியே பிழைக்கும் தளங்களைத் தாழ்த்த 2011-இல் கூகிள் மாற்றம் செய்தது மெய்யே. இசைவு பெற்று வெளியிடுவோர்க்கு அது பொருந்துவதன்று.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. 2009 பிப்ரவரியிற் கூகிள், யாகூ, மைக்ரோசாப்டு ஆகிய மூன்றும் கூடிக் கனானிக்கல் என்னும் குறியை ஏற்றன. 'இப்பக்கத்தின் மூலம் இன்னவிடத்துள்ளது' என்று பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்பார் கண்ணிற் படாதவாறு எழுதிவைப்பதே அது. அளவுகோல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர். திருமறையில் ஏற்கப்பட்ட நூற்றொகுதிக்கு வழங்கும் அதே சொல். முதலில் ஒரு தளத்தின் எல்லைக்குள்ளேயே செல்லுபடியான இக்குறியை, அவ்வாண்டு டிசம்பரில் வேறு தளத்தையும் சுட்டலாமெனக் கூகிள் விரித்தது. ஆயினும் இது கட்டளையன்று, குறிப்பே. பொறி ஏற்பினும் ஏற்கும், விடினும் விடும். கட்டுரை ஒன்றாயினும் அதனைச் சூழ்ந்த பிற பகுதிகள் தளந்தோறும் வேறுபடுதலின், பகிர்ந்தளித்த கட்டுரைகளுக்கு இக்குறி தக்கதன்று என்று 2023-இல் கூகிளே கூறிவிட்டது. அதற்கு ஈடாக அது கூறுவது, படியை வெளியிடுவோர் தம் பக்கத்தில் நோஇண்டெக்ஸ் என்னும் குறியை இட்டு, பொறியின் அட்டவணையில் அது சேராதபடி தடுத்தல் வேண்டும் என்பதே.

இங்கேதான் சிக்கல். மருந்து மூலத்தாரிடம் இல்லை. படி வெளியிடுவாரிடம் உள்ளது. தேடுபொறி வழியே வருவாரை நாடியே கட்டுரையைப் பெற்றவர், அவ்வழியைத் தாமே அடைத்துக்கொள்ள ஏன் இசைவார்? ஆகலின் கேட்க வேண்டுவது கொடுப்பதற்கு முன்னரே. நோஇண்டெக்ஸுக்கு இசையாதார், சில நாள் தாழ்த்து வெளியிடவும், முதல் வரியிலேயே மூலத்திற்கு இணைப்புத் தரவும், முழுமையும் வெளியிடாது ஒரு பகுதியை மட்டும் எடுக்கவுமேனும் இசையக்கூடும். கொடுத்துவிட்ட பின்னர்க் கேட்பது வேண்டுகோளே தவிர உரிமையாகாது.

எம் தோழர் அத்தளத்தார்க்கு இரண்டு வேண்டுகோள் விடுத்தார். மதகை ஐந்தாக்க உடனே இசைந்தனர்; நோஇண்டெக்ஸ் இடுவதற்கு இசைந்திலர். தேடுவார்க்கு இப்பொழுது மதகு ஐந்து; எழுதியவர் பெயர் பக்கத்தின் அடியிற் சிற்றெழுத்தில் உள்ளது. தம் ஊர்ச் சந்தையைப் பற்றி அவர் எழுதிய இரண்டாங் கட்டுரையையும் அவர்கள் கேட்டிருக்கின்றனர். அவரோ ஒப்பந்தத்தை முதலில் அனுப்புமாறு எழுதியிருக்கின்றார்.