ஆப்பிளுக்கு ஏங்க வேண்டாம், ‘பேரு’ போதும்!

மும்பையில் வாழும் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே ஆப்பிள் வாங்குவார்கள். மாதக் கடைசியாக இருந்தால், கைமாற்று வாங்கியாவது வாங்குவார்கள். ஆனால், ஸ்டேஷன் வாசலில் கூடையில் குவித்து விற்கும் கொய்யாப்பழத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மராத்தியில் ‘பேரு’ என்பது இந்தப் பழம்தான்.

அரைப் பழம் போதும்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுப் பொருட்களைச் சோதித்து, 2017-ம் ஆண்டு அட்டவணை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் ‘சி’ இருக்கிறது. ஆப்பிளில் 5 மில்லிகிராம்கூட இல்லை.

ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும், பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை. நடுத்தர அளவு கொய்யாவில் பாதி தின்றாலே போதும். நெல்லிக்காய் கொய்யாவையும் மிஞ்சும்.

உடம்பிலும் துரு

வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஆக்சிஜன். நம் உடம்பிலும் இது போன்ற சேதம் நடக்கிறது. அதைத் தடுக்கும் சத்துகளைத்தான் ‘ஆன்டி ஆக்சிடென்ட்’ என்கிறார்கள். வைட்டமின் ‘சி’ அதில் ஒன்று. பப்பாளியின் மஞ்சளிலும், சிவப்புக் கொய்யாவின் நிறத்திலும், நாவற்பழத்தின் ஊதாவிலும் இந்தச் சத்துகள் உள்ளன.

இதற்கு மாத்திரை உண்டே என்று கேட்கலாம். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29 ஆயிரம் பேரிடம் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1994-ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, அதிகமாகியிருந்தது! பழத்தின் வேலையை மாத்திரை செய்துவிடாது.

பெண்கள் கவனிக்க!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையிலும் கேழ்வரகிலும் இரும்புச் சத்து இருந்தாலும், அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். சாப்பாட்டோடு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். ரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

யாருக்கு எச்சரிக்கை?

வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம் தசைக்கும் இதயத் துடிப்புக்கும் வேண்டியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம். அவர்கள் டாக்டரைக் கேட்டே பழம் சாப்பிட வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கொய்யாவில் உப்பு தூவித் தின்ன வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் ஜூஸ் போடாமல், அளவோடு கடித்துத் தின்பதே நல்லது.

ஈ மொய்க்கும் துண்டுகளை வாங்காதீர்கள். முழுப் பழமாக வாங்கி, வீட்டில் கழுவி, நறுக்கிச் சாப்பிடுங்கள். ஆப்பிளுக்குக் கொடுக்கும் காசில், வீட்டிலுள்ள எல்லோர் கைக்கும் ஆளுக்கொரு கொய்யா கிடைக்கும்.